சிறு மனைகளில் பசுமைக் கட்டுமானம்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

கட்டடத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பசுமை முறைகளின் பட்டியல் இன்று பஞ்சமில்லாமல் கிடைக்கிறது. சாம்பல் கல், ஏஏசி பிளாக், கூல் ரூஃப் டைல், சோலார் என்று கடைக்காரர்களும் கம்பெனிக்காரர்களும் நீட்டிக்கொண்டே இருக்கிறார்கள். எந்த மனைக்கு எது பொருந்தும், எதை முதலில் செய்வது என்று சொல்லத்தான் ஆளில்லை. சிறு ஒப்பந்ததாரர்களின் சங்கமாக நாங்கள் எடுத்திருக்கும் முடிவு இது: வரைபடத்திலேயே முடிந்துவிடுகிற, காசு கேட்காத முறைகள் முதலில். கொத்தனாருக்குக் கை பழகிய பிறகே புதிய பொருள்கள். சான்றிதழ் கடைசியில்.

ஐஜிபிசி, கிருகா பசுமைக் கட்டட மதிப்பீடுகளை நாங்கள் குறைசொல்லவில்லை. பெரிய வளாகங்களுக்கு அவை பயன்படும். வீடுகளுக்கென மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா, சுவர், சன்னல் வழியாக உள்ளே வரும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என வரம்பு வைக்கிறது. நல்ல விதிதான். ஆனால் அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கானது. இரண்டு கிரவுண்டு சேர்ந்தாலே 446 சதுர மீட்டர்தான்; எங்கள் உறுப்பினர்கள் கட்டுவதோ அரை கிரவுண்டிலும் இரண்டரை சென்டிலும். அந்த மனையில் படுக்கையறையின் பெரிய சன்னலை மேற்கே பார்த்து வைத்துவிட்டு, அப்புறம் ஏசியின் நட்சத்திரங்களை எண்ணுவதில் என்ன பயன்? சன்னலை இடம் மாற்ற, சன்ஷேடை நீட்ட, மாடிப்படியை மேற்குச் சுவரோரம் தள்ள ஒரு பேனா போதும்.

பொருள்களில் எல்லா ஊருக்கும் ஒரே சிபாரிசு செய்ய மாட்டோம். வடசென்னை, மேட்டூர், தூத்துக்குடி அனல் மின் நிலையங்களுக்குப் பக்கத்தில் சாம்பல் கல் நியாயமான தேர்வு. அங்கிருந்து வெகுதூரம் லாரியில் ஏற்றி வந்தால், மிச்சப்பட்டதில் ஒரு பங்கு டீசலில் போய்விடும். அப்படிப்பட்ட ஊரில் உள்ளூர்ச் செங்கல்லையே, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய ராட் ட்ராப் (எலிப்பொறி) கட்டில் வைத்தால், ஏறக்குறைய கால் பங்கு கல் குறையும்.

ஏஏசி பிளாக் எடை குறைவு, வெயிலையும் தடுக்கும். ஆனால் செங்கல்லை நனைத்துப் பழகிய கை இதையும் தொட்டியில் ஊறப்போடுகிறது. ஊறிய பிளாக் காயும்போது சுருங்கும். தூணும் சுவரும் சேருமிடத்தில் கோழிவலை வைக்காமல் பூசினால், நூல் பிடித்தது போல விரிசல் ஓடும். பழி பிளாக்கின் மேல் விழுகிறது. பிபிசி சிமெண்டுக்கும் இதே கதைதான். சாம்பல் கலந்த அந்தச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் விட வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456. வாடகை சென்ட்ரிங் பலகையைத் திருப்பிக் கொடுக்கும் அவசரத்தில், தளத்தில் கட்டிய பாத்தி நாலாம் நாளே காய்ந்து கிடக்கிறது. பழக்கம் மாறாமல் பொருளை மட்டும் மாற்றச் சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை.

மழைநீர்ச் சேகரிப்பு மாநிலம் முழுவதும் 2003-இல் கட்டாயமானது. குழிகள் தோண்டப்பட்டன. ஆனால் பல இடங்களில் சரளையும் மணலும் வண்டலில் அடைத்துக்கொண்டன; குழி இருக்கும் இடமே வீட்டுக்காரருக்குத் தெரியாது. சாவியோடு குழியையும் காட்டி, வடகிழக்குப் பருவமழைக்கு முன் தூர்வார வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது இனி எங்கள் உறுப்பினர்களின் கடமை.

செலவு பற்றியும் ஒளிவுமறைவில்லாமல் பேச வேண்டும். சதுர அடி ரேட்டில் வேலை எடுப்பவர் போடும் கூடுதல் செலவின் பலன், கரண்ட் பில் கட்டுபவருக்கே போகிறது. ரேட்டுக்குள் அடக்கச் சொன்னால் வேறெங்காவது குறைப்பார். பெரும்பாலும் கம்பியிலோ பூச்சிலோ. ஆகவே மதிப்பீட்டில் ஒவ்வொரு பசுமை முறையும் தனி வரியாக, தனித் தொகையோடு வர வேண்டும். வீட்டுக்காரர் வேண்டாம் என்றால் அந்த வரியை அடித்துவிடலாம். வெறும் பெயிண்டைப் பூசிவிட்டுப் ‘பசுமை வீடு’ என்று விளம்பரம் செய்யும் உறுப்பினரைச் சங்கம் ஆதரிக்காது.

அரசிடம் கேட்பது இரண்டு. கட்டுமானச் செலவில் 1 விழுக்காடாக வசூலாகும் தொழிலாளர் நலவரியில் ஒரு பகுதியைக் கொத்தனார்களுக்கும் சித்தாள்களுக்கும் வேலையிடத்திலேயே, அன்றைய கூலியும் கொடுத்து, பயிற்சி தரச் செலவிட வேண்டும். எந்த மாவட்டத்தில் எந்தப் பொருள் எவ்வளவு தூரத்தில் கிடைக்கிறது என்ற விவரத்தைப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலோடு சேர்த்து வெளியிட வேண்டும். சிறு மனைகளின் வரைபட அனுமதிக்குப் பசுமைச் சான்றிதழைக் கட்டாயமாக்கும் யோசனை எங்கிருந்து வந்தாலும் எதிர்ப்போம்.