மாலை நேரத்தைப் பறித்துவிட்டுச் செயலியை விற்கிறார்கள்

2017 நவம்பரில் தில்லியில் ஒரு கல்லூரியின் பெயர் பெரும் சர்ச்சைக்குள்ளானது. தயாள் சிங் மாலை நேரக் கல்லூரிக்கு ‘வந்தே மாதரம்’ எனப் பெயர் சூட்டப்போவதாக அதன் நிர்வாகக் குழு அறிவித்தது. மதச்சார்பற்ற கல்விக்காகத் தம் சொத்தை எழுதிவைத்த தயாள் சிங் மஜீத்தியாவின் பெயரை அகற்றுவதா என்று மாணவர்களும் ஆசிரியர்களும் கொதித்தெழுந்தனர். எதிர்ப்பு வலுத்ததும் பெயர் மாற்றம் நிறுத்தி வைக்கப்பட்டது. தொலைக்காட்சிகளும் நாளேடுகளும் பல நாட்கள் இதையே பேசின. ஆனால், அதே ஆண்டில் அந்தக் கல்லூரி பகல்நேரக் கல்லூரியாக மாற்றப்பட்டிருந்தது. 1958 முதல் இயங்கிவந்த ஒரு மாலை நேரக் கல்லூரி இல்லாமல் போனதைப் பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலரே. பெயர் தப்பியது, மாலை தப்பவில்லை.

இது ஒரு கல்லூரியின் கதை மட்டுமன்று. ராம்லால் ஆனந்த் மாலை நேரக் கல்லூரி 2014இல் ஆரியபட்டா கல்லூரி என்னும் பகல்நேரக் கல்லூரியானது. வேலை செய்பவர்கள் இப்போது மாலைக் கல்லூரிகளுக்கு வருவதில்லை, பகலில் இடம் கிடைக்காத இளைஞர்களே வருகிறார்கள் என்பது இத்தகைய மாற்றங்களுக்குச் சொல்லப்படும் நியாயம். மதியம் இரண்டு மணிக்கே தொடங்கிவிடும் வகுப்புக்கு எந்தக் குமாஸ்தா, எந்தக் கடை ஊழியர், எந்த ஆலைத் தொழிலாளி போக முடியும்? வர முடியாத நேரத்தில் வகுப்பை வைத்துவிட்டு, வரவில்லை என்று வாசலை அடைப்பதற்குப் பெயர் சீர்திருத்தமாம்!

இன்று அதே நகரத்தில் எங்கு திரும்பினாலும் வேறொரு வாசல் திறந்திருப்பதாக விளம்பரங்கள் அழைக்கின்றன. வேலையை விடாமலே பட்டம், வீட்டிலிருந்தபடியே எம்பிஏ, கைப்பேசியிலேயே பல்கலைக்கழகம், கட்டணத்தை மாதத் தவணையில் செலுத்தலாம். உழைக்கும் மக்களின் படிப்பு ஆசை எவ்வளவு ஆழமானது என்பதைக் கட்சிக் கிளைகளைவிட இந்த நிறுவனங்கள் நன்றாக அறிந்து வைத்திருக்கின்றன. 2020-21ஆம் ஆண்டுக்கான உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் உயர்கல்வியில் சேர்ந்திருந்த 4.14 கோடிப் பேரில் 45.71 லட்சம் பேர் தொலைநிலைக் கல்வியில் இருந்தனர். ஒன்பது பேரில் ஒருவர்! அவர்களில் 20.9 லட்சம் பேர் பெண்கள். இவர்கள் அனைவரும் வேலைக்குப் போகிறவர்கள் அல்லர் என்பது உண்மைதான். ஆனால் வேலைக்குப் போகிறவருக்கு ஒரு பட்டம் வேண்டுமென்றால் அநேகமாக இந்த வழிதான் மிஞ்சியிருக்கிறது.

இவ்வழி எப்படித் தொடங்கியது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியபோது அது அரசுப் பொறுப்பாகவே பார்க்கப்பட்டது. 1964-66இல் செயல்பட்ட கோத்தாரி குழு, 1986க்குள் உயர்கல்வி மாணவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அஞ்சல்வழிப் படிப்புகள், மாலை நேரக் கல்லூரிகள் ஆகிய இரண்டின் வழியாகவும் படிக்க வழிசெய்ய வேண்டும் என்றது. கோத்தாரி குழு ஒன்றும் பொதுவுடைமையாளர்களின் குழுவன்று. ஆயினும், அஞ்சலில் வரும் பாடப் புத்தகத்தையும் ஆசிரியர் நிற்கும் மாலை வகுப்பையும் அது ஒருசேர வைத்தே பேசியது. பின்வந்த அரசுகள் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டன. காரணம் எளியது. முதலாவதில் செலவு குறைவு, கட்டண வரவு நிச்சயம். 1982இல் ஹைதராபாத்திலும் 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழி தில்லியிலும் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் தோன்றியது முற்போக்கான நடவடிக்கையே. பள்ளியைப் பாதியில் விட்ட லட்சக்கணக்கானோரை அவை மீண்டும் கல்விக்குள் கொண்டுவந்தன. எனினும் 1990களுக்குப் பின் நவதாராளமயப் பாதையில் பல பல்கலைக்கழகங்களுக்குத் தொலைநிலைக் கல்வித் துறை என்பது, அரசு மானியம் சுருங்கியதால் விழுந்த பள்ளத்தை நிரப்பும் பணப் பெட்டியாகிவிட்டது. வேலை செய்து படிக்கும் தொழிலாளியின் கட்டணத்தில் பகல் வகுப்பின் பற்றாக்குறை ஈடுகட்டப்பட்டது.

தண்டனை யாருக்கு?

இந்தப் பணப் பெட்டி ஏற்பாடு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைக் காட்டிலும் வேறு சான்று வேண்டியதில்லை. ஒடிசா பாசன நீரேற்றுக் கழகத்தில் எழுந்த வழக்கோடு தொடங்கிய விவகாரம் அது. சேலத்தில் உள்ள ஒன்று உட்பட நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் இல்லாமலேயே அஞ்சல் வழியில் பொறியியல் பட்டம் வழங்கியிருந்தன. தொலைநிலைக் கல்விக் குழு என்ற அரசு அமைப்பு, நடந்து முடிந்தவற்றுக்குப் பின்னேற்பு அனுமதியும் அளித்திருந்தது. அந்த அனுமதி செல்லாது என்றது நீதிமன்றம். 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அவர்கள் புதிதாகத் தேர்வெழுதித் தம் தகுதியை நிரூபிக்க வேண்டும், அதற்கும் இரண்டு வாய்ப்புகளுக்கு மேல் இல்லை. அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்து.

பட்டயப் படிப்பு முடித்து, அரசுத் துறைகளிலும் வாரியங்களிலும் இளநிலைப் பொறியாளர்களாகப் பணியாற்றி, பதவி உயர்வுக்காக இரவில் விழித்துப் படித்தவர்கள் இவர்கள். பொதுவுடைமை இயக்கத்தின் தொழிற்சங்கங்களில் இத்தகையோர் ஏராளம். பத்தாண்டுகளுக்கும் மேலாக அந்தப் பட்டத்தின் பேரில் வகித்த பொறுப்புகள் ஒரே நாளில் கேள்விக்குள்ளாயின. கல்வி நிறுவனங்கள் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும், அனுமதி வழங்கிய அதிகாரிகளின் பங்கை மத்தியப் புலனாய்வுத் துறை விசாரிக்க வேண்டும் என்றும் தீர்ப்பு கூறியது உண்மையே. கட்டணம் திரும்பலாம், அந்த இரவுகளை யார் திருப்பித் தருவது? அனுமதிக் கடிதத்தை நம்பிச் சேர்ந்தவர் நாற்பது வயதில் மீண்டும் தேர்வுக் கூடத்தில் உட்கார வேண்டியிருந்தது.

பாடம் கற்றார்களா? 2022 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் அங்கீகாரம் என்றது அது. எத்தனை ஆண்டுகள் கழித்து! இடைப்பட்ட காலமெல்லாம் சேர்க்கை நடந்துகொண்டுதான் இருந்தது. தமிழ் பேசும் உழைப்பாளர்களுக்கு அந்தப் பெயர் எவ்வளவு பழக்கமானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒழுங்குபடுத்தும் அமைப்பும் பல்கலைக்கழகமும் தமக்குள் வழக்காடிக்கொள்ளட்டும். சேர்க்கை நாளன்றே அங்கீகாரத்தின் நிலையை மாணவருக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்பதே நாம் எழுப்ப வேண்டிய கேள்வி.

இத்தகைய நிகழ்வுகளைக் காட்டி, தொலைநிலைக் கல்வியே மோசடி, இழுத்து மூடுங்கள் என்று சொல்லும் ‘தரக்’ காவலர்கள் ஒரு பக்கம் இருக்கிறார்கள். நம் தோழர்களிலேயே சிலர் இந்த மனநிலைக்கு இரையாகி, அஞ்சல்வழிப் பட்டத்தை ஏளனமாகப் பேசுவதைக் கேட்க முடிகிறது. பகலில் கல்லூரிக்குப் போக வாய்த்தவர்களின் ஏளனம் அது. தரம் என்பது ஆசிரியர், நூலகம், ஆய்வகம், படிக்கக் கிடைக்கும் நேரம் ஆகியவற்றைப் பொறுத்தது. இந்த நான்கையும் மறுத்துவிட்டு, கிடைத்த பட்டம் தரமற்றது என்று தொழிலாளியையே குற்றம் சாட்டுவது எந்த வகை நியாயம்?

விற்பனைக்கு வந்த ‘நெகிழ்வுத்தன்மை’

மறுபக்கம், மோடி அரசின் தேசியக் கல்விக் கொள்கை 2020 வேலை செய்பவர்களுக்காகவே எழுதப்பட்டது போலக் காட்டப்படுகிறது. எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம், எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். ஓராண்டு முடித்தால் சான்றிதழ், ஈராண்டு முடித்தால் பட்டயம், மூன்றாண்டு முடித்தால் பட்டம். ஈட்டிய கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்க 2021 ஜூலையில் தொடங்கிய கிரெடிட் வங்கியும் உண்டு. கேட்பதற்கு இனிமையானது. வேலைப்பளு தாங்காமல் படிப்பை நிறுத்தியவருக்கு மீண்டும் சேரும் உரிமை வேண்டும் என்பதில் நமக்கும் மறுப்பில்லை. ஆனால் அவர் ஏன் நிறுத்தினார், நிறுத்தாமல் இருக்க அரசு என்ன செய்யும் என்ற கேள்விக்குக் கொள்கையில் விடை இல்லை. நேற்றுவரை இடைநிற்றல் என்பது அரசின் தோல்வியாகக் கணக்கில் வந்தது. இனி அது மாணவரின் ‘விருப்பத் தேர்வு’. கையில் ஒரு சான்றிதழும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்த ஓராண்டுச் சான்றிதழுக்கு எந்த முதலாளி ஊதியத்தை உயர்த்தித் தருகிறார்?

இணையவழிப் பட்டங்களுக்கான 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளின்படி, இவ்வழியில் பெறும் பட்டம் நேரடி வகுப்பில் பெறும் பட்டத்துக்குச் சமம். காகிதத்தில் சமம் என்று எழுதியாயிற்று. சமமான கற்பித்தலுக்கு எத்தனை ஆசிரியர் பணியிடங்கள் உருவாக்கப்பட்டன? கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களோடு கிளை உரிமை ஒப்பந்தம் செய்துகொண்டு படிப்பு நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவே 2022 ஜனவரியில் எச்சரிக்க வேண்டி வந்தது. பல்கலைக்கழகம் பெயரைத் தரும், நிறுவனம் ஆளைப் பிடிக்கும், கடன் கொடுப்பவர் தவணையை வசூலிப்பார் என்ற ஏற்பாடு தலைதூக்கியதால்தான் அந்த எச்சரிக்கை.

இன்னொரு திட்டமும் வந்திருக்கிறது: தொழிற்பயிற்சி இணைந்த பட்டப்படிப்பு. படிப்பின் ஒரு பகுதியை நிறுவனத்தில் கழிக்க வேண்டும். தொழிற்பயிற்சியாளர் சட்டம் 1961இன்படி பயிற்சியாளர் தொழிலாளி அல்லர். தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா. தொழிலாளியை மாணவராக்கச் சொன்னால், மாணவரைச் சங்கமில்லாத தொழிலாளியாக்கித் தருகிறார்கள்.

நேரமே மையக் கேள்வி

வேலை செய்யும் ஒருவருக்குப் படிக்கத் தடையாக இருப்பது தூரம் என்ற அனுமானத்தில்தான் செயலியும் காணொலியும் விற்கப்படுகின்றன. உண்மையான தடை நேரம். ‘மூலதனம்’ நூலில் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில், முதலாளித்துவம் தொழிலாளியிடமிருந்து விழுங்கும் நேரங்களை அடுக்கும் மார்க்ஸ், கல்விக்கான நேரத்தையே முதலில் குறிப்பிடுகிறார். இன்றைய இந்தியாவில் அந்தப் பட்டியல் பழையதாகிவிடவில்லை. 2023இல் கர்நாடகத்தில் அன்றைய பாஜக அரசு, ஆலையில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்கச் சட்டத்தைத் திருத்தியது. காலாண்டுக்கு 75 மணி என்றிருந்த மிகைநேர வரம்பை 144 மணியாக உயர்த்தியது. அதே ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாட்டில் நிறைவேற்றப்பட்ட இத்தகைய மசோதா, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. பன்னிரண்டு மணி நேரம் இயந்திரத்தின் முன் நின்று, இரண்டு மணி நேரம் பேருந்தில் தொங்கி வீடு திரும்புகிறவரிடம் கைப்பேசியைக் கொடுத்துப் படி என்பது கேலிக்கூத்து. பெண் தொழிலாளி என்றால் அடுப்படியும் காத்திருக்கிறது.

சோவியத் அனுபவம் இங்கே பொருத்தமானது. 1918 ஆகஸ்டில் லெனின் தலைமையிலான அரசு, பதினாறு வயது நிறைந்த எவரும் சான்றிதழோ கட்டணமோ இன்றிப் பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்று ஆணையிட்டது. கதவு முழுவதுமாகத் திறந்தது. எனினும் போதிய முன்படிப்பு இல்லாத தொழிலாளர்கள் வகுப்பில் தாக்குப்பிடிக்க முடியாமல் திணறினர். திறந்த கதவு மட்டும் போதாது என்று கண்ட புரட்சி அரசு, மறு ஆண்டே ‘ரப்ஃபாக்’ எனப்பட்ட தொழிலாளர் ஆயத்தப் பிரிவுகளைப் பல்கலைக்கழகங்களுக்குள் அமைத்தது. பகல் வகுப்பில் படித்தவர்களுக்கு உதவித்தொகை கிடைத்தது. பிற்காலத்தில் மாலை நேர, அஞ்சல்வழி மாணவர்களுக்குத் தேர்வுக் காலத்தில் ஊதியத்துடன் கூடுதல் விடுப்பு சட்ட உரிமையாயிற்று. நேரத்தையும் கூலியையும் அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட பிறகே தொழிலாளி பொறியாளரானார்.

இதெல்லாம் சோசலிச நாட்டில்தான் சாத்தியம் என்று கூறுவோருக்கு இன்னொரு செய்தி. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1974இலேயே ஊதியத்துடன் கூடிய கல்வி விடுப்பு குறித்த 140ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. ஐரோப்பாவின் முதலாளித்துவ நாடுகள் பலவும் அதை ஏற்றுள்ளன. அரை நூற்றாண்டு கடந்தும் இந்தியா ஏற்கவில்லை. காங்கிரஸ் அரசும் ஏற்கவில்லை, பாஜக அரசும் ஏற்கவில்லை. 1958இல் அமைந்த மத்தியத் தொழிலாளர் கல்வி வாரியத்துக்கு ஆர்எஸ்எஸ்காரரான தத்தோபந்த் தெங்கடியின் பெயரைச் சூட்டத் தெரிந்தவர்களுக்கு, தொழிலாளியின் கல்விக்கு ஒரு நாள் ஊதிய விடுப்பு தரத் தெரியவில்லை.

நம் பக்கமும் ஒரு குறை இருக்கிறது. மாணவர் அமைப்புகளின் பார்வை பெரும்பாலும் வளாகத்துக்குள் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் படிப்பு மையத்துக்கு வந்துபோகிறவர் அதற்கு வெளியே இருக்கிறார். தொழிற்சங்கமோ அவருடைய படிப்பைத் தனிப்பட்ட முன்னேற்றம் என்று ஒதுக்கிவிடுகிறது. இருவருக்கும் நடுவில் விழுந்தவரைத்தான் தவணைக்காரர் பிடித்துக்கொள்கிறார். ஆகவே தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இவை இடம்பெற வேண்டும்: 140ஆவது உடன்படிக்கையை ஏற்றல், படிக்கும் தொழிலாளிக்குத் தேர்வு நாட்களில் ஊதியத்துடன் விடுப்பு, வகுப்பு நாட்களில் மிகைநேர வேலையிலிருந்து விலக்கு, மூடப்பட்ட மாலை நேரக் கல்லூரிகளை மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் வகுப்புகளோடு, நிரந்தர ஆசிரியர்களோடு மீண்டும் திறத்தல், அங்கீகாரம் ரத்தானால் பட்டத்தைக் காக்கும் பொறுப்பை அரசே ஏற்றல்.

முதல் வேலை கிளைகளிலேயே தொடங்கலாம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பருவத் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வருகின்றன. சங்க உறுப்பினர்களில் எத்தனை பேர் அத்தேர்வை எழுதுகிறார்கள், எத்தனை நாள் ஊதியத்தை இழக்கிறார்கள், எத்தனை பேர் விடுப்பு கிடைக்காமல் எழுதாமலே விட்டார்கள் என்ற கணக்கை ஒவ்வொரு ஆலைக் கிளையும் எடுத்து, அடுத்த ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் நிர்வாகத்தின் முன் வைக்க வேண்டும்.