நாய் என்ன ஃபிக்ஸட் அசெட்டா?

"அதுக்கு வயசாயிடுச்சுப்பா, அப்படித்தான் இருக்கும்."

மாடிப்படி அடியில் நின்று, ஏறலாமா வேண்டாமா என்று மேலேயே பார்த்துக்கொண்டிருக்கும் கிழட்டு லாப்ரடாரைக் காட்டி அதன் சொந்தக்காரர் இப்படிச் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு மேலே போய்விடுவார். நாய் கீழேயே நிற்கும்.

நான் காமர்ஸ் மாணவன். எங்கள் பாடத்தில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. மெஷின் வாங்கினால் வருஷா வருஷம் அதன் மதிப்பைக் குறைத்து எழுதி, கடைசியில் பழைய இரும்பு விலைக்குக் கொண்டுவந்து நிறுத்துவோம். நம் ஆட்கள் நாயையும் அதே கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் மெஷினுக்கு வலிக்காதே, ஐயா!

வயது ஒரு நோய் அல்ல. மூட்டுவாதம் நோய். மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு சிதைந்து, சுற்றிலும் வீக்கம் வந்து, ஒவ்வொரு அடிக்கும் வலிக்கிறது. "வலிச்சா கத்தாதா?" என்பார்கள். கத்தாது. நாள்பட்ட வலிக்கு எந்த விலங்கும் கத்திக்கொண்டே இருப்பதில்லை. காலையில் எழும்போது விறைப்பாக இருக்கும், நாலு அடி நடந்ததும் கொஞ்சம் சரியாகும், வாக்கிங்கில் பின்தங்கும், ஒரே மூட்டை நக்கிக்கொண்டே இருக்கும். இவ்வளவுதான் அது சொல்லும்.

பூனை இன்னும் மோசம், எதையும் காட்டிக்கொள்ளாது. ஃபிரிட்ஜ் மேல் தாவுவதை நிறுத்திவிடும், முதுகு முடியை நக்கிச் சுத்தம் செய்யாது. நாமும் "நல்ல பிள்ளையாயிடுச்சு, குதிக்கிறதே இல்ல" என்று சந்தோஷப்படுவோம். அமெரிக்காவில் 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்து 2002ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அதில் 90 பூனைகளுக்கு எங்காவது ஓரிடத்தில் மூட்டுச் சிதைவு இருந்தது!

இப்போது முக்கியமான குற்றவாளிக்கு வருவோம். சாப்பாடு. அதாவது நம் பாசம்.

பியூரினா கம்பெனி 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து 14 வருஷம் வளர்த்துப் பார்த்தது. ஜோடியில் ஒன்றுக்கு வழக்கமான சாப்பாடு, மற்றதற்கு அதைவிட 25 சதவீதம் குறைவு. 2002ல் வந்த முடிவின்படி, குறைவாகத் தின்றவை சுமார் 1.8 வருஷம் அதிகம் வாழ்ந்தன. மூட்டுவாதத்துக்கு மருந்து தேவைப்பட்ட வயதும் சுமார் 3 வருஷம் தள்ளிப்போனது. நாய்த்தீனி விற்கிற கம்பெனியே செலவு செய்து, குறைவாகப் போடுங்கள் என்று நிரூபித்திருக்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனால் நம் வீடுகளில் தாத்தா ஒரு பிஸ்கட், பாட்டி ஒரு உருண்டை தயிர்சாதம், மிச்சமான பிரியாணி என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. கேட்டால் "கொழுக்கு மொழுக்குன்னு இருந்தாதான் அழகு" என்று பதில் வருகிறது. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் அது அழகு இல்லை, மூட்டு மேல் ஏற்றிய மூட்டை.

அடுத்தது மருந்துப் பெட்டி. நமக்கு வாங்கி வைத்த மாத்திரையில் பாதியை உடைத்துப் போடும் வீட்டு வைத்தியர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பாரசிட்டமாலைச் செரித்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலுக்குப் போதாது. 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதியே ஒரு பூனையைக் கொல்லப் போதும். இபுபுரூஃபன் நாய்க்கு வயிற்றுப்புண்ணும் சிறுநீரகச் சேதமும் தரும். நாய்களுக்கென்றே மெலாக்சிகம், கார்ப்ரோஃபன் போன்ற மருந்துகள் இருக்கின்றன. அவற்றையும் மருத்துவர் எடை பார்த்து, ரத்தப் பரிசோதனை செய்துதான் தர வேண்டும். (ஒரு கிளைக்கதை: மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக்கால் நம் நாட்டுப் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2006ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தபோது மாற்றாக முன்வைத்ததும் இதே மெலாக்சிகம்தான்.)

குளுக்கோசமின் பவுடர் டப்பாக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெட் ஷாப்பில் முன்வரிசையில் அடுக்கியிருப்பது அதுதான். 2022ல் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசியபோது, ஒமேகா-3 கொழுப்புக்கு வலியைக் குறைக்கும் பலன் தெரிந்தது, குளுக்கோசமின்-காண்ட்ராய்டினுக்குத் தெரியவில்லை. ஆனாலும் விற்கிறது. மார்க்கெட்டிங் பேப்பருக்கு நல்ல கேஸ் ஸ்டடி!

"மனுஷனுக்கே மூட்டுவலிக்கு வைத்தியம் பார்க்க வழியில்ல, நாய்க்கு வந்துட்டார்" என்று ஒரு கட்சி இருக்கிறது. சரி, கணக்கே போடுவோம். சாப்பாட்டைக் குறைத்தால் செலவு கிடையாது, மிச்சம்தான். வழுக்கும் டைல்ஸ் தரையில் பழைய சாக்கையோ ரப்பர் மேட்டையோ விரிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக ஒரு மணி நேரம் ஓடவிடுவதற்குப் பதில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாக நடத்தலாம். படுக்க மெத்தென்று ஒரு இடம். மருத்துவருக்கு அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு வேப்பேரியில் 1903ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. கிரானைட் தரை போட்டு வீடு கட்டியவர் காசில்லை என்றால் நான் நம்பத் தயாரில்லை.

இதில் விற்பவர்களைத் தப்பவிடவும் கூடாது. லாப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத கோளாறு பரம்பரையாக வருகிறது. பின்னாளில் மூட்டுவாதமாக முற்றுவது பெரும்பாலும் அதுதான். "பேப்பர் இருக்கு சார்" என்பார்கள். அது வம்சாவளிக்கான பேப்பர், இடுப்புக்கானது அல்ல. அடுத்த முறை குட்டி வாங்கப் போனால், தாய் தகப்பன் நாய்களின் இடுப்பு எக்ஸ்ரே எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அவர் முகம் போகிற போக்கைப் பாருங்கள்.