கட்டில் போட்டால் போதுமா?

1973-இல் ஜப்பான், 70 வயதைக் கடந்தவர்களுக்கு மருத்துவத்தை இலவசமாக்கியது.

மருத்துவமனைகள் நிரம்பின. சிகிச்சை முடிந்தும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத முதியவர்கள் மாதக்கணக்கில் அங்கேயே தங்கினார்கள். குளிப்பாட்டவும் சோறூட்டவும் ஒரு துணை தேவைப்பட்டது; அதற்கு மருத்துவமனைக் கட்டிலின் விலையைக் கொடுத்தது நாடு. 1983-இல் முழு இலவசம் முடிவுக்கு வந்தது. 2000-இல் பராமரிப்புக்கென்றே தனிக் காப்பீடு தொடங்கியது; 40 வயதிலிருந்தே அதற்குச் சந்தா கட்ட வேண்டும்.

சிகிச்சை வேறு, பராமரிப்பு வேறு என்ற இந்தப் பாடத்தை டெல்லி இன்னும் படிக்கவில்லை.

2024-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 70 வயதான எல்லோருக்கும் விரிந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய், நல்லதுதான். ஆனால் பணம் கிடைப்பது மருத்துவமனையில் சேர்ந்தால்தான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தினமும் விழுங்கும் மாத்திரைக்கு? தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அந்த ஓட்டையை ஓரளவு அடைக்கிறது. மாத்திரை வீட்டுக்கே வருகிறது.

ஆனால் மாத்திரை மட்டும் போதாது; குளிப்பாட்டவும் சோறூட்டவும் இங்கேயும் ஒரு துணை வேண்டும். அடுத்த மத்திய பட்ஜெட்டிலாவது வீட்டுப் பராமரிப்புக்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும்.