சட்டையா, புடவையா?



ஒரே அளவில் ஒரு சட்டையைத் தைத்து வைத்துவிட்டு, "இதைத்தான் ஊரே போட்டுக்கணும்" என்று ஒரு தையல்காரர் சொன்னால் சிரிக்க மாட்டோமா? இணையப் பக்கம் செய்யும்போது நாமும் அதைத்தானே செய்கிறோம்!

என் கதையையே சொல்கிறேன். லேபில் மானிட்டரைப் பார்த்து, அகலம் 1024 பிக்சல் என்று கட்டிப்போட்டு ஒரு விண்ணப்பப் படிவம் செய்தேன். அழகோ அழகு! பெண்ணாடம் வந்து அப்பாவின் கைபேசியில் திறந்தால் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி. பெரிதாக்கினால் பொத்தான் திரைக்கு வெளியே! "இதுக்கு பிரவுசிங் சென்டருக்கே போயிடலாம்ப்பா" என்றார். சுருக்கென்றது. கரும்புக் கொல்லையில் நிற்பவர் கையில் இருப்பது லேப் மானிட்டரா?

1991-ல் டிம் பெர்னர்ஸ்-லீ வெளியிட்ட முதல் இணையதளத்துக்கு இந்த நோய் கிடையாது. சாளரம் குறுகினால் வரி தானாக மடங்கும். அகலத்துக்குப் பூட்டு போட்டது பின்னால் வந்த வடிவமைப்பாளர்கள்தான். அதைத் திறக்க 2010-ல் ஈத்தன் மார்காட் என்பவர் மூன்று வழிகளைச் சேர்த்துச் சொன்னார். அகலத்தை பிக்சலில் சொல்லாமல் விழுக்காட்டில் சொல். படம் தன் பெட்டியைத் தாண்டாமல் பார்த்துக்கொள். திரையின் அகலத்துக்கு ஏற்ப விதியை மாற்ற 'மீடியா குவரி' எழுது. இவற்றோடு 'வியூபோர்ட்' வரி ஒன்றும் வேண்டும். அதை விட்டுவிட்டால் பல கைபேசிகள் பக்கத்தின் அகலத்தை ஏறக்குறைய 980 பிக்சல் என்று எண்ணிக்கொண்டு சுருக்கிக் காட்டும்.

நமக்கு இன்னொரு பாடமும் உண்டு. 'சப்மிட்' ஆங்கிலத்தில் ஆறு எழுத்து; 'சமர்ப்பிக்கவும்' ஒன்பது எழுத்து. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பெட்டியில் தமிழ் பிதுங்கும். உடனே "தமிழ் இடிக்குது, ஆங்கிலமே இருக்கட்டும்" என்கிறார்கள் சிலர். குற்றம் தமிழிலா, பெட்டியிலா? பெட்டியை விரியவிடுங்கள், வரியை மடங்கவிடுங்கள்; தமிழ் தாராளமாக உட்காரும்!

ஒரே புடவை ஒல்லியானவருக்கும் பருமனானவருக்கும் பொருந்துகிறதே, எப்படி? கொசுவத்தைக் கூட்டிக் குறைத்துக் கட்டுவதால்தானே! நம் பக்கங்களும் அப்படி இருக்கட்டும்.

தோழர்களே, புராஜெக்டை ஒப்படைக்கும் முன் உங்கள் வீட்டில் இருக்கும் மிகச் சின்னக் கைபேசியில் ஒருமுறை திறந்து பாருங்கள். மார்க் போடுபவர் ஆசிரியராக இருக்கலாம். பாஸ் போட வேண்டியவர் அந்தக் கைபேசிக்காரர்தான்!

— மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல்