கோடையில் அணையும் அடுப்பு

அரசின் கடமைகளுள் காலந்தாழ்த்திச் செய்யக்கூடியவை பல உண்டு. இவ்வாண்டு போட இயலாத சாலையை மறு ஆண்டு போடலாம். தூர்வாராமல் விட்ட வாய்க்காலை அடுத்த கோடையில் தூர்வாரலாம். அதனால் விளையும் இழப்பு பெரிதாயினும் ஈடுசெய்யத்தக்கதே. வளரும் குழந்தையின் உணவு அவ்வகையைச் சேர்ந்ததன்று. இரண்டு மாதம் ஊட்டம் குன்றினால் இளம் உடல் முதலில் எடையை இழக்கிறது. எடை குன்றிய உடலை வயிற்றுப்போக்கும் சளிக்காய்ச்சலும் எளிதில் பற்றுகின்றன. நோயுற்ற பிள்ளைக்கு உண்ட சிறிதளவும் உடம்பில் ஒட்டுவதில்லை. இச்சுழற்சி ஆண்டுதோறும் அதே பருவத்தில் திரும்பி வருமாயின், எடையில் நேர்ந்த குறை உயரத்திலும் நிலைபெற்றுவிடுகிறது. சித்திரையில் கிடைக்காத உணவை ஆவணியில் இரட்டிப்பாக அளித்து நேர்செய்ய இயலாது என்பதை மருத்துவர் மட்டுமல்லர், பிள்ளை வளர்த்த தாய்மார் யாவரும் அறிவர்.

ஆகவே குழந்தைக்கு உணவளிப்பதைத் தன் பொறுப்பென ஏற்ற அரசு, அப்பொறுப்பு எந்நாளில் ஓய்கிறது, ஏன் ஓய்கிறது என்பதற்கும் விடை சொல்லக் கடமைப்பட்டது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஒவ்வொரு நாளும் ஒருவேளை மதிய உணவை விலையின்றி வழங்குவதை அவர்தம் உரிமையாக்கிற்று. நாடு பெருமை கொள்ளத்தக்க வரி அது. ஆயினும் பள்ளி விடுமுறை நாட்கள் நீங்கலாக என்னும் விலக்கும் அவ்வரியிலேயே சேர்ந்து எழுதப்பட்டிருக்கிறது. எழுதியோர் கெடுநோக்கு உடையோர் என நாம் கருதவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்து வரும் தூண்டுகோலாகவே உணவைக் கண்ட பழைய எண்ணத்தின் எச்சம் அவ்விலக்கு என்றே எண்ணுகிறோம். உணவு உரிமையாகிவிட்ட பின்னரும் அவ்வெச்சம் எங்கே, எவர் வயிற்றில் போய்த் தாக்குகிறது என்பதைக் காண, நெல் விளையும் நாட்டுக்கே செல்லுதல் வேண்டும்.

காவிரிப் படுகையின் தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் சம்பாவும் தாளடியும் தை, மாசியில் அறுவடையாகின்றன. ஈரம் காயுமுன் வயலில் தெளித்த உளுந்தும் பச்சைப்பயறும் பங்குனியில் கைக்கு வந்ததும், நிலம் வெடிப்பு விடத் தொடங்குகிறது. மேட்டூர் அணை திறக்க மரபாகக் குறிக்கப்பட்ட நாள் ஜூன் 12. அந்நாளில் திறந்த நீர் கடைமடையை எட்டி, நாற்றங்கால் பச்சை பிடித்து, நடவுக்கு ஆள் கூப்பிடும் நாள் வரும்வரை, நிலமற்ற உழவுத் தொழிலாளர் குடும்பத்துக்கு வயலில் கூலி என்பது அரிதே. அணை குறித்த நாளில் திறந்தால்தான் இந்தக் கணக்கும். 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் ஜூன் 12இல் அணை திறக்கப்படவில்லை. 2016இல் செப்டம்பர் 20ஆம் நாளும், 2017இல் அக்டோபர் 2ஆம் நாளுமே திறக்கப்பட்டது. அண்மையில் 2024இலும் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. அணை பிந்தியதால் குறுவைப் பயிர் பொய்த்த ஆண்டில் நிலமுடையோர் இழப்பீடு கோர ஒரு வழியேனும் இருக்கிறது. நடவுக்குப் போக இருந்த பெண் இழந்த கூலியோ எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அறுவடை இயந்திரமும் நேரடி விதைப்பும் வேலை நாட்களைச் சுருக்கிவிட்டமையால், தை மாதக் கூலியில் மிச்சம் பிடித்துக் கோடையைக் கடக்கும் பழைய வழியும் ஒடுங்கிவிட்டது. நூறு நாள் வேலையை நம்பியிருந்தோர், 2025இன் தொடக்கத்தில் மாதக்கணக்கில் கூலி நிலுவை நின்றதை மறந்திருக்க மாட்டார்கள்.

ஏப்ரல் பிற்பகுதியில் பூட்டப்படும் சத்துணவுக்கூடம் மீண்டும் திறப்பது ஜூனில். கூலி இல்லாத மாதங்களின்மேல் சத்துணவு இல்லாத வாரங்கள் இவ்வளவு துல்லியமாகப் பொருந்திக் கிடப்பதை எவரும் திட்டமிட்டுச் செய்யவில்லை; கண்டு திருத்தவும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் இக்குடும்பங்களுக்கு முடை உண்டு. அப்பொழுதேனும் பள்ளியின் உலை கொதிக்கிறது.

நியாயவிலைக் கடையில் 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றிக் கிடைக்கிறதே, பிறகு பசி எங்கே என்று வினவுவோர் உளர். நேர்மையான வினாவே; நேர்மையான விடை அதற்கு உரியது. பட்டினிச் சாவு என்னும் சொல் இம்மாநிலத்தில் அரிதாகிப் போனதில் அவ்வரிசிக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் குழந்தை அரிசியால் மட்டும் வளர்வதில்லை. பள்ளி நாளில் அதன் தட்டில் விழுவன சோறும் பருப்பும் காயும் முட்டையும். கோடை நாளில் வீட்டில் எஞ்சுவன பழைய சோறும், ஊறுகாயோ வறுத்த மிளகாயோ. கடையில் முட்டையும் காய்கறியும் கடனுக்குத்தான் வாங்க வேண்டும் என்னும் நிலையில் முதலில் குறைக்கப்படுபவை அவையே. வயிறு நிரம்பியது போலத் தோன்றுவதால் இக்குறை ஊரார் கண்ணுக்குப் படுவதில்லை. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் அற்றவர், 14.6 பேர் உயரத்துக்கேற்ற எடை அற்றவர். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலானோருள் 57.4 பேர் குருதிச்சோகை உற்றவர். உயரக்குறையிலும் எடைக்குறையிலும் இந்தியச் சராசரியைவிட நாம் மேலாக இருப்பது உண்மை. அவ்வொப்பீட்டில் ஆறுதல் தேடுவது நமக்கு அழகன்று. மேலும், தை மாதக் குழந்தையையும் வைகாசிக் குழந்தையையும் ஒரே சராசரிக்குள் அடக்கும் இக்கணக்கு, பருவத்தால் வரும் இறக்கத்தைக் காட்டுவதற்கு உரியதன்று.

பள்ளியில் உண்போர் ஐந்து வயதைக் கடந்தவர்தாமே என்பாரும் உண்டு. ஒரு பானையிலிருந்து உண்ணும் குடும்பத்தில், மூத்த பிள்ளை பள்ளியில் உண்டால் அதன் பங்கு இளையதற்கும் தாய்க்கும் சேர்கிறது. விடுமுறையில் அப்பங்கு மீண்டும் பிரிகிறது. கடைசியில் உண்பவள் தாய் என்பதையும், அவள் கருவுற்றோ பால் கொடுத்தோ இருக்கக்கூடும் என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

இக்குறையை நீதிமன்றம் முன்னரே கண்டிருக்கிறது. இராசத்தானில் வறட்சி நிலவ, அரசுக் கிடங்குகளில் தானியம் குவிந்து கிடந்த 2001ஆம் ஆண்டில், மக்கள் குடிமை உரிமைக் கழகம் ஏப்ரலில் தொடுத்த வழக்கின்மீது, அவ்வாண்டு நவம்பர் 28இல், அரசுத் தொடக்கப்பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளிலும் சமைத்த மதிய உணவு வழங்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2004 ஏப்ரல் 20இல் அதே வழக்கில், வறட்சியுற்ற பகுதிகளில் கோடை விடுமுறையிலும் அவ்வுணவு தொடரவேண்டும் என்றது. 2016 மே மாதத்தில், வறட்சி பற்றிச் சுவராஜ் அபியான் தொடுத்த வழக்கில், அதனையே மீண்டும் வலியுறுத்தி, முட்டையோ பாலோ சேர்த்தளிக்கவும் பணித்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்று பள்ளிகளை மூடியபோது, பிள்ளைகளின் உணவு என்னவாயிற்று என்று தானாகவே முன்வந்து வினவியது. அவ்வாண்டு தமிழ்நாட்டிலும் உலர் பொருளாக அரிசியும் பருப்பும், முட்டையும் பெற்றோர் கையில் சேர்ந்தன. பள்ளி மூடியிருக்கையிலும் பிள்ளைக்கு உணவு சேர்க்க அரசு இயந்திரத்தால் இயலும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

எனினும் 2004, 2016 ஆணைகள் வறட்சி என்னும் நிலையைப் பற்றி நிற்பவை. படுகையின் கோடை இல்லாமையோ மழை குறைவற்ற ஆண்டிலும், அணை நிரம்பிய ஆண்டிலும் தவறாது வருவது. அதனை அறிவித்து எவரும் அரசாணை வெளியிடுவதில்லை. ஆதலின் நீதிமன்றத்தின் வாயிலில் நிற்பதை விடுத்து, மாநில அரசே கோடை விடுமுறையிலும் பள்ளி உணவைத் தொடரவேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விலக்கு அதன் கையைக் கட்டவில்லை. கூடுதல் உணவு நலத்திட்டங்களை மாநிலங்கள் தம் பொருளில் வகுத்துக்கொள்ள அதே சட்டத்தின் 32ஆம் பிரிவு இடந்தருகிறது. நம் மரபும் அதற்குத் துணை நிற்கிறது. காமராசர் 1956இல் மதிய உணவைத் தொடங்கியபோதும், எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1இல் திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கியபோதும், பொருளுக்கு எங்கே போவது என்னும் வினா எழாமல் இல்லை. 2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவு, 2023 ஆகஸ்ட் 25இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்டது, படுகையின் நடுவே உள்ள திருக்குவளையில்தான். அங்கே உண்ணத் தொடங்கிய பிள்ளை மே மாதத்தில் எதை உண்கிறது என்பதை அரசு இப்பொழுது எண்ணிப் பார்க்கவேண்டும்.

விடுமுறையிலும் சமைப்பதால் சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் உதவியாளரும் தம் ஓய்வை இழக்க நேரும் என்பதை நாம் மறைக்கவில்லை. குறைந்த ஊதியத்தில் பிறர் பிள்ளைகளுக்குச் சோறு வடிப்போரின் முதுகில் இன்னொரு சுமையை வெறும் ஆணையால் ஏற்றுவது முறையன்று. கோடைப்பணிக்குத் தனி ஊதியம் முன்கூட்டியே ஒதுக்கப்படவேண்டும், ஊரிலுள்ள மகளிர் குழுக்களையும் துணைக்கு அழைக்கலாம். பிள்ளைகள் தாய்மாமன் வீட்டுக்கும் பாட்டி வீட்டுக்கும் சென்றுவிடுவர் என்பது மற்றொரு தடை. செல்ல இடமுள்ளோர் செல்லட்டும். சென்ற ஊரின் பள்ளியிலேயே அவர்கள் உண்ணவும் வழி வைக்கலாம். வெயில் ஏறுமுன் உணவு முடிந்துவிடுமாறு காலை வேளையைத் தேர்ந்தால், வெப்பத்தைக் காரணமாகக் காட்டவும் தேவையிராது.

முதற்படியாக, வரும் சித்திரை, வைகாசியில் படுகை மாவட்டங்களின் கடைமடை ஒன்றியங்களிலேனும் அடுப்பு எரியட்டும். அங்கன்வாடிகளில் எடுக்கப்படும் எடைக் கணக்கை, மாசி, வைகாசி, ஐப்பசி எனப் பருவவாரியாகப் பிரித்து அரசு வெளியிடட்டும். 1980இல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டத் திட்டம், மாதந்தோறும் குழந்தைகளை நிறுத்து, எடை ஏறாத குழந்தைக்கு உடனே கூடுதல் உணவளித்த முறையை இந்நாடு அறியும். மேட்டூரின் நீர்மட்டத்தையும் நீர்வரத்தையும் நாம் நாள்தோறும் அச்சிடுகிறோம். ஒன்றியவாரியாகக் குழந்தைகளின் எடைக்கணக்கை அரசு தருமாயின், அதனை அடுத்த பத்தியிலேயே வெளியிட இவ்விதழ் இடம் ஒதுக்கும்.