தோசை மாஸ்டரின் காது



எங்கள் அலுவலகத்துக்கு எதிரே ஒரு டிபன் கடை இருக்கிறது. காலை எட்டரை மணிக்கு அங்கே எக்ஸாஸ்ட் ஃபேன், கிரைண்டர், பாத்திரம் கழுவும் சத்தம், போதாக்குறைக்கு எஃப்.எம். வேறு. சப்ளையர் வாசல் பக்கமிருந்தே ஏதோ கத்துவார். எனக்கு அதில் கடைசி ‘ஸ்ட்’ மட்டும்தான் விழும். கல்லுக்கு முன்னால் நிற்கும் தோசை மாஸ்டரோ, திரும்பிக்கூடப் பார்க்காமல் ரெண்டு நெய் ரோஸ்ட் ஊற்றிவிடுவார்.

அவருக்கு மட்டும் பாம்புச் செவியா என்று ஒருநாள் கேட்டேன். “இந்நேரத்துக்கு வேற என்ன சார் கேப்பாங்க?” என்றார்.

அவர் சொன்னதில் பெரிய விஷயம் இருக்கிறது. ஒலியைப் பிரித்தறியும் வேலை காதோரத்து மூளையில் நடக்கிறது. இரைச்சலில் பேச்சு சிதைந்து வரும்போது, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையும் அதோடு கைகோத்துக்கொள்கிறது. அடுத்து என்ன சொல் வரும் என்று ஊகிக்க முடிகிற வாக்கியமாக இருந்தால், மூளைப் பகுதிகளுக்கு இடையே போக்குவரத்து கூடுவதை ஸ்கேன் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். காதில் விழுவது பாதி, நாம் போட்டு நிரப்புவது மீதி.

இதைப் பற்றிப் படிக்கப் போய், லெபோர்ன் என்ற மனிதரிடம் மாட்டிக்கொண்டேன். பாரிஸை ஒட்டிய பிசேத்ர் மருத்துவமனையில் கிடந்த நோயாளி. பிறர் பேசுவது அவருக்குப் பெரும்பாலும் புரிந்தது. ஆனால் அவர் வாயைத் திறந்தால் அநேகமாக ‘டான், டான்’ என்பதுதான் வரும். அங்கே அவர் பெயரே டான் ஆகிவிட்டது. 1861 ஏப்ரலில் பால் புரோக்கா என்ற மருத்துவர், இங்கே வந்து எத்தனை வருஷம் ஆகிறது என்று அவரிடம் கேட்டார். வலப்பக்கம் விழுந்துபோன அந்த மனிதர் இடக்கையை நான்கு முறை விரித்துக் காட்டி, பிறகு ஒரு விரலை நீட்டினார். இருபத்தொன்று. கணக்கு சரி! சில நாட்களில் இறந்துபோனார்.

அவருடைய மூளையின் இடது முன்பக்கம் சிதைந்திருந்ததைப் புரோக்கா கண்டார். பேச்சுக்கான இடம் இது என்று மருத்துவ உலகம் குறித்துக்கொண்டது. இன்றும் அதற்குப் புரோக்கா பகுதி என்றுதான் பெயர். நல்லவேளை, புரோக்கா அந்த மூளையை அறுத்துப் பார்க்காமல் ஆல்கஹாலில் போட்டு வைத்தார். அது பாரிஸ் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருந்தது. 2007-இல் அதை எம்.ஆர்.ஐ. எடுத்து வெளியிட்டார்கள். சிதைவு மேலோடு நிற்கவில்லை. மூளையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இணைக்கும் நரம்பிழைக் கற்றைகளும் உள்ளே அறுந்துபோயிருந்தன. வெகுகாலம் பலரும் பகுதி என்ற வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இணைப்பு என்ற தெருவை அவ்வளவாகப் பார்க்கவில்லை.

தோசை மாஸ்டரைப் போல ஊகித்து நிரப்பப் பழகிய மூளை, சிலதைக் கேட்காமலும் பழகிக்கொள்கிறது. இந்தியில் உள்ள த, ட வேறுபாட்டை ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறேழு மாதத்தில் கண்டுபிடித்துவிடுகின்றன, ஒரு வயதை நெருங்கும்போது கோட்டைவிடுகின்றன என்று 1984-இல் ஆய்வாளர்கள் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் காட்டினார்கள். நாம் மட்டும் என்ன? கடல், பகல், தங்கம் என்று சொல்லிப் பாருங்கள். மூன்று ‘க’வும் மூன்று ஒலி. நமக்கு எல்லாம் ஒன்றுதான்.

வீட்டில் காது மந்தமான தாத்தா, பாட்டி இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். “மாத்திரை!” என்று ஒற்றைச் சொல்லைக் கத்தாமல், “சாப்பிட்டாச்சே பாட்டி, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?” என்று முகம் பார்த்துக் கேளுங்கள். ஊகிக்க அவர்களுக்குப் பிடி கிடைக்கும்.

நீங்கள் தப்பாகக் கேட்ட சொற்களை எங்களுக்கு எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் ரேடியோவில் ‘வானிலை அறிக்கை’ என்று சொல்வது எனக்கு ‘வாழையிலை அறிக்கை’ என்றுதான் கேட்கும். வாழையிலைக்குப் போய் தினமும் எதற்கு அறிக்கை என்று அப்பாவிடம் கேட்டேன். “கல்யாண சீசன்டா” என்றார்.

அன்புடன்,
ஆசிரியர்