சிக்கனம் பேசும் வெடிமருந்து வாத்தியார்களுக்கு...

முதலிலேயே சொல்லிடறேன். நம்ம நாட்டில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாம தோட்டா தயாரிக்கிறது குற்றம். இது அமெரிக்காவில் சட்டப்படி வீட்டிலேயே தோட்டா நிரப்பற நம்ம மக்களுக்கு.

அங்கே ஒரு கட்சி இருக்கு. .38 ஸ்பெஷலில் ஈய வார்ப்புக் குண்டை மிதமான வேகத்தில் சுட, டைட்குரூப் மாதிரி வேகமா எரியற மருந்துதான் சிக்கனமாம். கணக்கு சரிதான். ஒரு பவுண்டு 7000 கிரெய்ன். தோட்டாவுக்கு 4 கிரெய்ன்னா 1750 தோட்டா, 5 கிரெய்ன்னா 1400. (இது வகுத்தல் கணக்கு மட்டுமே. அளவுக்கு மருந்துக் கம்பெனியோட அட்டவணையைப் பாருங்க.)

பி.காம் படிச்ச எனக்கு இது பிடிக்கணும். பிடிக்கலை. ரிஸ்க்கை எந்தக் கணக்கிலும் எழுதலையே! அந்தக் கூடு 19ஆம் நூற்றாண்டில் கருமருந்துக்காகப் பிறந்தது. உள்ளே ஏகப்பட்ட இடம். அடர்த்தியான மருந்து அடியிலேயே கிடக்கும். கவனம் சிதறி இரண்டாம் தடவை போட்டாலும் வழியாது. சுட்டா ரிவால்வரே சிதறலாம்.

யூனிக் மாதிரி பருமனான மருந்து மேலே எழும்பி நிற்கும். கூட்டுக்குள்ளே எட்டிப் பார்த்தா இரட்டிப்பு தெரிஞ்சிடும். அளவையில் சீரா விழாதுங்கறாங்க. உண்மைதான், அதுக்குத்தான் தராசு. குழாயில் ஈயம் ஒட்டினா மருந்தைத் திட்டாம, குண்டு குழாய்க்குப் பொருந்துதான்னு முதல்ல பாருங்க.

பாங்கில் ஒருத்தர் போட்ட வவுச்சரை இன்னொருத்தர் பார்த்தாத்தான் பணம் நகரும். உங்க மேசையில் அந்த இரண்டாவது ஆபீசர், கண்ணுக்குத் தெரியற மருந்துதான். பவுண்டுக்கு 350 தோட்டா அவருக்குச் சம்பளம். கொடுங்க சாமி!